நீலக் குருதியும் தீட்டுக் குருதியும்

நம் கூட்டங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். "அக்கிரகாரத்தார் உடம்பில் பாலும், சேரியார் உடம்பில் சேற்று நீருமா ஓடுகின்றன? யாரைக் கீறினாலும் வருவது சிவப்பு இரத்தந்தானே!" என்று பேசுவோர் வினவுவர், கேட்போர் கைதட்டுவர். நல்லெண்ணத்திற் பிறந்த வாக்கியம் இது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நிற்கப் பழக்கப்பட்ட மக்களுக்கு நிமிரும் துணிவை ஓரளவு கொடுத்தும் இருக்கிறது. ஆதலின் இதனை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. ஆயினும், பலர் சொல்கிறார்கள் என்பதற்காகவோ வழிவழியாக வருகிறது என்பதற்காகவோ ஒன்றை ஏற்காதீர்கள் என்று காலாமருக்குப் பகவான் புத்தர் அருளிய அறிவுரை, நமக்குப் பிடித்தமான வாக்கியங்களுக்கும் பொருந்துவதன்றோ? குருதியின் நிறம் உண்மையில் யாது? அந்நிறத்தைக் கொண்டு மனிதரைப் பற்றி எதனை முடிவு கட்டலாம்? முதல் வினாவில் நன்கு படித்தவரே தவறுகின்றனர். இரண்டாம் வினாவில் சீர்திருத்தம் பேசுவோரும் தவறுகின்றனர்.

முன்கையைத் திருப்பி மணிக்கட்டைப் பாருங்கள். தோலின் கீழே நீலமாகவோ பச்சையாகவோ நரம்பு போல ஓடும் குழாய்கள் தெரியும். அவை நரம்புகள் அல்ல. இருதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டு செல்லும் சிரைகள். சிரையிலுள்ள குருதி நீலநிறம் உடையது, உடம்பை விட்டு வெளியே வந்து காற்றுப் பட்டவுடன் சிவந்துவிடுகிறது என்று நம்புவோர் இன்றும் பலர். பள்ளிப் புத்தகங்களில் தமனிகளுக்குச் சிவப்பும் சிரைகளுக்கு நீலமும் தீட்டிக் காட்டும் படம் இந்நம்பிக்கைக்குப் பெருந்துணை புரிந்துவிட்டது. படம் வரைந்தவர் வேற்றுமை காட்டுவதற்காகத் தீட்டிய வர்ணத்தை, மாணவன் உடம்பின் வர்ணமாகவே கொண்டுவிடுகிறான்.

இதனைப் பொய்யென்று அறிய பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டுவதில்லை. வைத்தியசாலையில் பரிசோதனைக்காகக் குருதி எடுக்கும்போது முழங்கை மடிப்பிலுள்ள சிரையில்தான் ஊசியைச் செலுத்துகிறார்கள். காற்று நீக்கப்பட்ட குழாயினுள்ளே அக்குருதி பாய்கிறது. காற்றைக் காணாமலேயே அது சிவப்பாகத்தான் இருக்கிறது. சற்றே கறுத்த சிவப்பு, அவ்வளவே. குருதி தானம் செய்தவர்கள் தம் பக்கத்திலே தொங்கிய பையைக் கண்டிருப்பார்கள். அதுவும் சிரைக் குருதியே. நுரையீரலிற் பிராணவாயுவைப் பெற்றுத் திரும்பும் குருதி ஒளிமிக்க சிவப்பு. அவ்வாயுவை உறுப்புகளுக்கு ஈந்துவிட்டுத் திரும்பும் குருதி மங்கிய சிவப்பு. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. குருதிச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளின் ஒவ்வோர் அணுத்திரளிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. அவ்விரும்பு பிராணவாயுவைப் பற்றும்போது ஒரு சாயலும் விடும்போது ஒரு சாயலும் கொள்கிறது. நீலமாவதே இல்லை.

அப்படியாயின் கண்ணுக்கு நீலமாய்த் தெரிவது ஏன்? ஒளியிலுள்ள சிவப்புக் கதிர் தோலினுள் ஆழமாகச் செல்லவல்லது. நீலக் கதிர் மேலேயே சிதறித் திரும்பிவிடும். ஆழத்தே சென்ற சிவப்புக் கதிரை வழியிலுள்ள சிரைக் குருதி பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஆகவே சிரை உள்ள இடத்திலிருந்து கண்ணுக்குத் திரும்பும் சிவப்பு, பக்கத்துத் தோலிலிருந்து திரும்பும் சிவப்பினும் குறைவு. 1996-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை விரிவாக அளந்து காட்டிற்று. தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதம், குருதியின் நிலை, சிரையின் பருமனும் ஆழமும், பார்ப்பவர் கண்ணும் மூளையும் நிறத்தை உணரும் முறை ஆகிய இத்தனையும் சேர்ந்தே அந்நீலத்தை உண்டாக்குகின்றன. சுற்றியுள்ள செந்நிறத்தோடு ஒப்பிட்டு நோக்கும் கண், சிவப்புக் குறைந்த இடத்தை நீலம் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது. நீலம் குருதியில் இல்லை. மேலே போர்த்த தோலிலும், ஒப்பிட்டுப் பார்க்கும் பார்வையிலும் இருக்கிறது. இதனை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

நம் முன்னோர் இவ்விஷயத்திற் பிழைபட்டார் என்று சொல்ல இயலாது. தமிழில் செந்நீர் என்கிறோம். வடமொழி ரக்தம், ருதிரம் என்பவையும் செந்நிறத்தைக் குறிப்பவையே. பாலியில் குருதிக்கு லோகிதம் என்று பெயர். அச்சொல்லுக்குச் சிவப்பு என்பதும் பொருள். தியானத்திற்குரிய செந்நிற வட்டத்தையும் லோகித கசிணம் என்றே அழைக்கிறார்கள். கி.பி. 5-ம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோச தேரர், உடற்கூறு முப்பத்திரண்டையும் பாவனை செய்யும் முறையைக் கூறும் இடத்திற் குருதியை இரண்டாகப் பிரிக்கிறார். தேங்கியிருக்கும் குருதி, காய்ச்சிக் குழம்பாக்கிய அரக்குச் சாற்றின் நிறம். ஓடித்திரியும் குருதி, தெளிந்த அரக்குச் சாற்றின் நிறம். கறுத்த சிவப்பும் தெளிந்த சிவப்புமாகிய இருசாயலையும் கண்டவர், நீலத்தை எங்கும் காணவில்லை. சிவப்புக் கண்ணாடியும் ஒளியளவைக் கருவியும் இல்லாத காலத்தில், உள்ளதை உள்ளபடி பார் என்னும் பயிற்சியே அத்தேரருக்குக் கருவியாயிற்று.

நீலம் என்பது வெறும் அறியாமை. அதனால் ஒருவருக்கும் பெருந்தீங்கில்லை. அதனினும் ஆழமான ஒரு பிழை நம் பாடப்புத்தகத் தமிழிலேயே நெடுநாளாகக் குடியிருக்கிறது. தமனியில் ஓடுவது சுத்த இரத்தம், சிரையில் ஓடுவது அசுத்த இரத்தம் என்று பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அசுத்தம் என்ற அச்சொல்லை வைத்தியம் தந்ததா, வேறெங்கிருந்தாவது வந்து வைத்தியத்தில் ஏறிக்கொண்டதா என்று நாம் ஐயுறுவதுண்டு. சிரைக் குருதியில் அழுக்கு என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. கரியமிலவாயு சற்றுக் கூடுதல், பிராணவாயு சற்றுக் குறைவு. அக்குறைவும் எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஓய்வாக இருக்கும் ஒருவருடைய "அசுத்த" இரத்தத்திலும், தாங்கக்கூடிய பிராணவாயுவில் ஏறக்குறைய 75 விழுக்காடு இன்னும் இருக்கிறது. தசைகளுக்கும் மூளைக்கும் உழைத்துவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதிக்கு, கொடுத்த காரணத்தினாலேயே அசுத்தம் என்று பட்டம்! ஊராரின் அழுக்கைத் துவைத்துக் கொடுத்தவரையும், செத்த மாட்டை அப்புறப்படுத்தி ஊரைக் காத்தவரையும் எப்பெயரால் அழைத்தோமோ, அதே பெயரைச் சிரைக்கும் சூட்டியிருக்கிறோம்.

அன்றியும், அசுத்தம் எனப்பட்ட அக்குருதி இருதயத்தின் வலப்பக்கம் புகுந்து, நுரையீரலின் நுண்குழாய்களை ஒரு விநாடிக்கும் குறைந்த காலத்திற் கடந்து, இடப்பக்கம் வந்து சேரும்போது சுத்தம் எனப்படுகிறது. உடல் முழுதும் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ ஒரு நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை அசுத்தமாகவும் சுத்தமாகவும் பேர் மாறுவது ஒரே குருதி. 1628-ல் ஆங்கில வைத்தியர் ஹார்வி குருதியோட்டத்தைப் பற்றி நூல் வெளியிடும் வரையில், மேல்நாட்டில் கேலன் என்பாரைப் பின்பற்றி, சிரைக் குருதி வேறு, தமனிக் குருதி வேறு, அவை பிறக்கும் இடமும் வேறு என்றே கொண்டிருந்தனர். இருவேறு குருதிகள் இல்லை, ஒன்றே சுற்றிவருகிறது என்பதை ஒப்புக்கொள்ள உலகிற்கு அத்தனை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பெண்களின் மாதவிடாய்க் குருதியைப் பற்றிய பேச்சும் இவ்வகையினதே. அது கறுத்திருப்பதால் உடம்பின் கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்கின்றனர். மெல்ல வெளிவரும் குருதியிலுள்ள இரும்பு மேலும் பிராணவாயுவோடு கூடிக் கறுப்பதே காரணம். முழங்காற் காயத்தில் உலர்ந்த குருதியும் அவ்வாறே கறுக்கிறது. அதனைத் தீட்டென்பார் யாருமில்லை. மதம் மாறிய நம் இல்லங்கள் சிலவற்றில், வாயிலில் திரிசரணம் எழுதி மாட்டிவிட்டு, கொல்லைப்புறத்தில் இன்னும் அந்த மூன்று நாள் தனிப்பாயை விரித்து வைத்திருக்கிறார்கள்.

இனி, குருதியின் பெயரால் ஒரு வீதி மறிக்கப்பட்ட கதையைக் காண்போம்.

பாலக்காட்டில், ஆற்றங்கரையில் விசுவநாதர் கோவிலைச் சுற்றி அமைந்தது கல்பாத்தி அக்கிரகாரம். காசியிற் பாதி கல்பாத்தி என்பது அவ்வூரார் வழக்கு. தமிழ் பேசும் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்கின்றனர். ஐப்பசி மாதத் தேர்த்திருவிழா பெரிது, கூட்டமும் பெரிது. மலையாள நாட்டில் அக்காலத்தே தீண்டாமையோடு அணுகாமையும் இருந்தது. இன்ன சாதியார் இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிருந்தது. ஈழவர் அவ்வீதியில் நடத்தலாகாது. ஆனால் கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம்.

1924 ஆகஸ்டு 22-ந் தேதி சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது வீதியிலும் பொதுக் கிணற்றிலும் பொது அலுவலகத்திலும் எவரையும் தடுக்கலாகாது என்பது அதன் கருத்து. பண்டித அயோத்திதாசரின் மைத்துனர் இவர் என்பதை நம் வாசகர் அறிவர். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பர் 25-ல் அரசாணையும் பிறந்தது. அவ்வாண்டு திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அரசாணை செல்லுபடியாகும் இடம். அதனை நம்பி அவ்வாண்டு நவம்பர் மாதத் தேர்த்திருவிழாவின்போது ஈழவர் சிலர் கல்பாத்தி வீதியிற் புகுந்தனர், அடித்துத் துரத்தப்பட்டனர். அதன்பின், அமைதி காக்கும் பேரால் அதிகாரிகள் பிறப்பித்த தடை, அடித்தவர்மீது பாயாமல் நடக்க வந்தவர்மீது பாய்ந்தது. ஆகவே ஈழவருள் ஒரு பகுதியினர் வேறு வழி தேடினர். ஆரிய சமாஜத்திற் சேர்ந்து, இனி நாங்கள் ஈழவர் அல்லேம், ஆரியர் என்று கூறிக்கொண்டு வீதியில் நடக்க முற்பட்டனர். அப்படிச் சேர்ந்தவரையும் பழைய பேர் சொல்லி மறித்தோர் உண்டு.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஈழவரைத் தடுத்தவர்கள் கூறிய காரணம் தீட்டு. தீட்டு பிறப்பில் உள்ளது. பிறப்பு என்பது குருதி. நன்று. அவ்வீழவர் காலையில் தேவாலயத்திற் சென்று ஞானஸ்நானம் பெற்று மாலையில் திரும்பினால் வீதி திறக்கிறது. அவருடைய தகப்பனார் மாறவில்லை, தாயார் மாறவில்லை, உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் குருதியில் ஒரு துளியும் மாறவில்லை. தலையில் தெளித்த நீர் குருதிவரை சென்று தீட்டைக் கழுவியிருக்குமாயின் அத்தீட்டு குருதியில் இருந்ததில்லை. கழுவவில்லையாயின் அவர் எப்படி நடக்கிறார்? வீதிக்கு உரியவரென்று தம்மைக் கருதிக்கொண்டோர் இவ்வினாவிற்கு விடை கூறியதாகத் தெரியவில்லை; கூறுதற்கு ஒன்றும் இல்லை.

இதற்கு நேர்மாறான வரலாறு ஸ்பெயின் தேசத்தில் உண்டு. 1449-ல் டோலிடோ நகரத்தார் ஒரு சட்டம் செய்தனர். யூத சமயத்தை விட்டுக் கிறிஸ்தவரானோரும் அவர் வழித்தோன்றல்களும் நகரத்துப் பதவிகளை வகிக்கலாகாது என்பது சட்டம். சமயம் மாறினாலும் குருதி மாறவில்லை என்பது அவர்கள் காட்டிய நியாயம். போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாஸ் அதனைக் கண்டித்தார். ஆனாலும் குருதித் தூய்மைச் சான்று கேட்கும் வழக்கம் மடங்களுக்கும் கலாசாலைகளுக்கும் பரவி, 19-ம் நூற்றாண்டு வரை நின்றது. கஸ்தீலிய நாட்டுப் பிரபுக்கள், மூர்களோடும் யூதர்களோடும் கலவாத தங்கள் குலத்தின் குருதி நீலமானது என்று பெருமை பேசியதும் அந்நாட்டிலேதான். வெயிலில் உழைக்காத வெளிறிய தோலில் சிரைகள் தெளிவாகத் தெரிந்தன. உழுதவனுடைய கறுத்த தோலில் தெரியவில்லை. கண் செய்த மயக்கத்தைக் குலத்தின் அணிகலனாகப் பூண்டுகொண்டார்கள். நீலக் குருதி என்னும் சொல் அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்து உயர்குடிப் பிறப்புக்குப் பெயராயிற்று.

டோலிடோவில் மதமாற்றத்தாற் குருதி மாறாது; கல்பாத்தியில் மாறிவிடுகிறது. இரண்டு ஊரார் கொள்கைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆயினும் இரண்டிடத்தும் பயன் ஒன்றே: கதவைப் பிடித்திருப்பவர் எவரை விரும்பவில்லையோ அவர் வெளியே நிற்கிறார். குருதி வாய்பேசாதது, அதன் பேரால் யாரும் எதையும் பேசிவிடலாம்.

விஞ்ஞானம் மிகுந்த தேசமும் இதற்கு விலக்கன்று. 1941-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் போர்வீரர்களுக்காகக் குருதி சேகரித்தபோது முதலில் நீக்ரோவர் குருதியை மறுத்தது. 1942-ல் ஏற்றது, ஆனால் வேறு பையில், வேறு சீட்டு ஒட்டி. குருதியின் நீர்ப்பகுதியைச் சேமித்துக் காக்கும் முறையில் முன்னோடியான டாக்டர் சார்லஸ் ட்ரூ தாமே கறுப்பர். இப்பிரிவினைக்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 1950-ல்தான் அச்சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

குருதிகளுக்குள் வேற்றுமையே இல்லையா எனின், உண்டு. 1901-ல் வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னர் கண்ட குருதி வகைகள் அவை. ஆனால் அவ்வேற்றுமை நிறத்தில் இல்லை. குலத்தைப் பார்த்தும் வருவதில்லை. முதல் உலகப் போரின் முடிவில் ஹிர்ஷ்பெல்டு தம்பதிகள் சலோனிகா நகரில் இந்தியர் உட்படப் பல தேசத்துப் போர்வீரர்களின் குருதியைச் சோதித்து 1919-ல் வெளியிட்டனர். விகிதம் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டது. வகைகளோ எங்கும் கலந்தே கிடந்தன. 1952-ல் பம்பாயில் பெண்டே முதலிய வைத்தியர்கள் கண்ட அரிய வகைக்குப் பம்பாய் வகை என்றே பெயர். அவ்வகையினருக்கு அவ்வகையாரின் குருதி மட்டுமே பொருந்தும். உடன்பிறந்தார் குருதி ஒவ்வாமல், பெயரறியா ஓர் அயலார் குருதி உயிரைக் காத்தல் அவர்க்கு இயல்பான காரியம். அவ்வேளையில் பையின்மேல் ஒட்டிய சீட்டில் வகையின் பெயரைத் தவிர வேறெதனையும் வைத்தியர் தேடுவதில்லை, படுத்திருப்பவரும் கேட்பதில்லை. பசியைக் காட்டிலும் உயிரச்சம் மனிதரை விரைவிற் சமத்துவவாதியாக்கிவிடுகிறது போலும்.

மற்றொரு மயக்கம் எல்லாவற்றிற்கும் வேர். முன்னோர் குருதி நம் உடம்பில் ஓடுகிறது என்கிறோம். எந்தக் குருதி? தந்தையிடமிருந்து மகவுக்கு ஒரு துளிக் குருதியும் செல்வதில்லை. தாயின் கருவிலிருக்கும்போதும் தாயின் குருதியோட்டம் வேறு, சேயின் குருதியோட்டம் வேறு. இடையிலுள்ள மெல்லிய திரை வழியே உணவும் பிராணவாயுவும் செல்கின்றன. தாயின் குருதி வகை ஒன்றாகவும் சேயின் வகை வேறொன்றாகவும் இருத்தல் அன்றாட நிகழ்ச்சி. ஒவ்வொரு குழந்தையும் தன் குருதியைத் தானே செய்துகொள்கிறது. அவ்வாறு செய்துகொண்டதும் நிலைப்பதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். என்புக்குள்ளிருந்து புதியன பிறக்க, பழையன அழிகின்றன. சென்ற வைசாகப் பௌர்ணமியன்று நம் உடலில் ஓடிய சிவப்பணுக்களில் ஏறத்தாழ ஒன்றும் அடுத்த வைசாகத்தில் இராது. அநிச்சம் என்று நாம் ஓதும் சொல்லுக்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேறு வேண்டுமோ? நான்கு திங்கள் வாழும் ஒரு பொருளின்மேல் நாலாயிரம் ஆண்டுப் பெருமையையும் இழிவையும் சுமத்துகிறார்கள்.

இவ்விடத்தில் நம்மவருக்கும் ஒரு வார்த்தை. நம் உடம்பில் ஓடுவது பூர்வ பௌத்தர் இரத்தம் என்று சிலர் பேசுகின்றனர். நம் முன்னோர் பௌத்தராயிருந்தனர் என்பது வரலாற்றுக் கொள்கை. 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அதனை நூல்களையும் கல்வெட்டுகளையும் வழக்காறுகளையும் கொண்டு நிறுவ முயன்றார். ஒப்புவோர் ஒப்பலாம், மறுப்போர் மறுக்கலாம். குருதியில் பௌத்தம் ஓடுகிறது என்பதோ வரலாறாகாது. டோலிடோ நகரத்தார் பேச்சு நம் வாயில் வந்திருக்கிறது. பஞ்சசீலத்தை மேற்கொள்ளாதவனுடைய குருதியில் எந்தப் பௌத்தம் ஓடும்? நேற்றுச் சரணம் புகுந்தவனைப் பார்த்து, "நீங்கள் எந்தப் பக்கத்தவர்?" என்று கேட்டு அளந்து பெண் கொடுக்கும் வழக்கமும் இக்கொள்கையின் பிள்ளையே.

இனி, தொடக்கத்தில் எடுத்த வாக்கியத்திற்கு வருவோம். எல்லார் இரத்தமும் சிவப்பு. ஆகவே எல்லாரும் சமம் என்பது வாதம். சிவப்பு என்பது மெய். ஆனால் ஆட்டின் இரத்தமும் சிவப்பே. பன்றியின் இரத்தமும் சிவப்பே. நிறத்தால் சமத்துவம் வருமாயின் அவற்றுக்கும் வரவேண்டும். அவற்றையும் கொல்லாதிருத்தல் நம் சீலமாதலின் அதனால் நமக்கு நட்டமில்லை. கேட்டுக் கைதட்டுவோருட் பலர் அதற்கு ஆயத்தமாயில்லை. நண்டுக்கும் இறாலுக்கும் குருதியில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருக்கிறது; பிராணவாயு கூடினால் அது மெல்லிய நீலமாகிறது. உலகில் உண்மையான நீலக் குருதிப் பிரபு நண்டுதான்!

மறுபுறம், மனிதருள்ளும் சிவப்பு மாறுவதுண்டு. ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு திரிந்துபோகும் ஒரு நிலையில் குருதி காப்பிக்கொட்டையின் பழுப்பு நிறம் அடைகிறது. தோல் நீலம் பாய்கிறது. கிணற்று நீரில் நைட்ரேட்டு மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு இது நேரும். அமெரிக்கக் கென்டக்கி மலைப்பகுதியில் ஒரு குடும்பத்தார் பரம்பரையாகவே நீலத்தோலோடு பிறந்தனர். 1960-களில் ஒரு வைத்தியர் மெத்திலீன் நீலம் என்னும் சாயமருந்தைக் கொடுக்க, நீல மருந்து உட்சென்று அவர் தோல் செம்மை பெற்றது. அதுவரையில் அவர்கள் மனிதர் அல்லரோ? சிவப்பைச் சமத்துவத்தின் சான்றாக வைத்தவர் இக்குழந்தையின் முன் என்ன சொல்வார்?

பகவான் புத்தர் குருதியின் சிவப்பைச் சான்றாகக் கொண்டு வாதித்ததாக நாம் கண்டதில்லை. அவர் காலத்திலேயே நிறவாதம் இருந்தது. பிராமணரே வெள்ளை வருணம், மற்றையோர் கறுப்பு வருணம் என்று அக்காலத்தார் கூறியதை அஸ்ஸலாயன சூத்திரம் எடுத்துக் காட்டுகிறது. பிராமண குலத்தை விட்டுச் சங்கத்திற் சேர்ந்த வாசெட்டரும் பாரத்வாஜரும், தம் இனத்தார் இதே பேச்சைச் சொல்லித் தம்மை ஏசுவதாக முறையிட்டது அக்கஞ்ஞ சூத்திரத்தில் உள்ளது. மதம் மாறியவர் கேட்கும் வசை புதியதன்று. விடையாகப் பகவான் நிறத்துக்கு நிறம் காட்டவில்லை. பிராமண மாதர் பூப்பதையும் கருவுறுவதையும் ஈனுவதையும் பாலூட்டுவதையும் கண்ணாற் காண்கிறோமே, பிறகு பிறப்பிலென்ன வேற்றுமை என்றார். சந்தனக் கட்டையிற் கடைந்த தீக்கும், பன்றித்தொட்டியின் கட்டையிற் கடைந்த தீக்கும் சுடரிலும் நிறத்திலும் ஒளியிலும் வேற்றுமை உண்டோ, அவற்றாற் செய்யும் வேலையில் வேற்றுமை உண்டோ என்று வினவினார். வாசெட்ட சூத்திரத்தில், புல், மரம், பறவை, மீன் என்பவற்றிற்குப் பிறப்பால் அமைந்த தனி அடையாளங்கள் உள; மனிதருக்குள் தலையிலோ கண்ணிலோ நிறத்திலோ குரலிலோ அத்தகைய சாதி அடையாளம் இல்லை; உழுபவன் உழவன், வாணிகம் செய்பவன் வணிகன், களவாடுபவன் கள்வன் என்று செயலையே காட்டினார். கறுப்பு, வெள்ளை என்னும் சொற்களையும் தள்ளிவிடாமல், அவற்றைத் தோலிலிருந்து பெயர்த்துச் செய்கையின்மேல் வைத்தார். அவர் வாக்கிற் கறுத்த வினை உண்டு, வெளுத்த வினை உண்டு. கறுத்த மனிதனும் வெளுத்த மனிதனும் இல்லை.

புத்தகோசர் மேலே சொன்ன நூலின் பிறிதோரிடத்தில், நான்கு பூதங்களை ஆராயும் பாவனையில், குருதிக்கு அறிவு யாதுமில்லை என்கிறார். நான் ஈரலை நனைக்கிறேன் என்று குருதி அறியாது; குருதி என்னை நனைக்கிறது என்று ஈரலும் அறியாது. தான் எந்த உறுப்பில் இருக்கிறோம் என்றே அறியாத ஒரு திரவம், தான் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதை எங்ஙனம் அறியும்? கல்பாத்தியில் ஈழவர்மீது விழுந்த அடியில் சிந்திய குருதியும் அதனை அறிந்திராது. அறிந்து அடித்தவை கைகளும், அவற்றை ஏவிய மனமும்.

நம் ஞாயிறு வகுப்புகளில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுத்த இரத்தம், அசுத்த இரத்தம் என்று சொல்லாமல், பிராணவாயு மிகுந்த குருதி, குறைந்த குருதி என்று சொல்லிக் கொடுங்கள். படம் தீட்டச் சொல்லும்போது சிரைக்கு நீலப் பென்சிலைத் தராமல் கறுத்த சிவப்பைத் தாருங்கள். ஏதேனும் ஒரு பிள்ளை தன் மணிக்கட்டைக் காட்டி, "இங்கே நீலமாய் இருக்கிறதே" என்று கட்டாயம் கேட்கும். கேட்கட்டும். அப்பொழுது ஒளியையும் தோலையும் கண்ணையும் பற்றி விளக்க அரைமணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.